குரலை மட்டும் வாங்கிக்கொண்டோம்

இலங்கை வானொலி அறிவிப்பாளர்களைப் பற்றி உருகி எழுதுவது தமிழ்நாட்டில் இப்போது தனி இலக்கிய வகையாகவே ஆகிவிட்டது. தீபாவளி மலர் என்றால் அதில் ஒரு கட்டுரை. பழைய பாடல் ரசிகர்கள் கூடினால் அதில் ஒரு பேச்சு. அறுபதைத் தாண்டிய எழுத்தாளர் யாராவது இளமைக்கால நினைவுகளை எழுதத் தொடங்கினால் இரண்டாம் அத்தியாயத்துக்குள் கே.எஸ்.ராஜா வந்துவிடுவார். கட்டுரையின் வார்ப்பும் மாறுவதில்லை: மர்பி ரேடியோ, டீக்கடை பெஞ்சு, காதைத் திருகினால் கரகரப்புக்கு நடுவே தெளியும் கொழும்பு. அப்புறம் மயில்வாகனன், அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் என்று பெயர் வரிசை. கடைசியில் அந்தத் தமிழ் இன்று எங்கே என்று ஒரு பெருமூச்சு, கூடவே எஃப்.எம். தொகுப்பாளர்கள் தலையில் ஒரு குட்டு.

இதைக் குறைசொன்னால் ஒரு பதில் தயாராக இருக்கிறது. இது ஆராய்ச்சி அல்ல, பிரியம். பிரியத்திடம் போய்க் கணக்குக் கேட்கலாமா என்கிறார்கள். கேட்கலாம் என்றுதான் நினைக்கிறேன். ஒருவர் எதையோ மறந்தால் அது மறதி. எழுதுகிற எல்லோரும் ஒரே இடத்தை மறந்தால் அதற்கு வேறு பெயர் இருக்கிறது.

முதலில் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுவோம். அந்த அறிவிப்பாளர்கள் பெரிய தொழில்காரர்கள். இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசியை வைத்து, பாட்டின் முதல் ஒலி வரும் இடம்வரை கையால் சுழற்றி, அங்கிருந்து கொஞ்சம் பின்னுக்கு இழுத்து நிறுத்திக்கொள்ள வேண்டும். பேசி முடிக்கும் நொடியில் தட்டை ஓடவிட்டால் இடைவெளி இல்லாமல் பாட்டு எழும். கே.எஸ்.ராஜா இன்னும் ஒரு படி மேலே போய், முன்னிசை ஓடும்போதே அதன்மேல் ஏறிப் பேசிக்கொண்டு போவார். பாடகர் வாயைத் திறப்பதற்கு ஒரு கணம் முன்பு சொற்றொடர் முற்றுப்பெற்றிருக்கும். எத்தனை எழுத்து, எத்தனை நொடி என்ற கணக்கு அவருக்குள் ஓடியிருக்க வேண்டும். படம், பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர் என்று எல்லாப் பெயரையும் சொல்லி, பாட்டு எழுதியவனுக்குச் சேர வேண்டிய மரியாதையைச் சேர்த்ததும் பெரிய காரியம். ழகரம், ளகரம், லகரம் மூன்றும் தனித்தனியாகக் கேட்டன. இவற்றையெல்லாம் மறுக்க நான் வரவில்லை.

எஃப்.எம்.மோடு செய்யும் ஒப்பீட்டை ஒரு பத்திக்கு மேல் பேசத் தேவையில்லை. நேயர் அஞ்சலட்டையில் எழுதிப் போட்டதை முன்கூட்டியே படித்து, சொல்லை அடுக்கிவைத்துக்கொண்டு பேசுவது ஒரு வேலை. போக்குவரத்து நெரிசலில் நிற்கும் ஆட்டோக்காரர் தொலைபேசியில் வர, அவரோடு அந்த நொடியே வாயாடுவது இன்னொரு வேலை. செய்தி வாசிக்கவே உரிமையில்லாத தனியார் பண்பலைகளில், மணிக்கணக்கில் ஒன்றுமில்லாததைப் பேசிச் சமாளிக்க வேண்டிய ஒருவரை, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அரை நிமிடம் பேசியவரோடு நிறுத்துப் பார்ப்பது நியாயமான தராசு இல்லை. அதை விடுவோம்.

என் நெடுநாள் வழக்கு வேறு. தமிழ்நாட்டின் இந்த நினைவுக்குள் இலங்கை இல்லை. இலங்கை வானொலி இருக்கிறது, இலங்கை இல்லை.

அந்தக் குரல்கள் நமக்கு எப்படி வந்து சேர்ந்தன என்பதிலிருந்தே பார்க்கலாம். இரண்டாம் உலகப் போரில் நேசப் படைகளின் தென்கிழக்காசியக் கட்டளையகம் தன் வீரர்களுக்காகக் கொழும்பில் வைத்திருந்த வலுவான சிற்றலை ஒலிபரப்பு, போருக்குப் பின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950 வாக்கில் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர் திரைப்பாடல் என்றாலே முகம் சுளித்தவர். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு வற்றியது. வடக்கே அமீன் சயானியின் பினாகா கீத்மாலாவைக் கேட்க இந்தியர்கள் கொழும்புக்குத் திருப்பினார்கள். தெற்கே நாமும் திருப்பினோம். 1957இல் விவித்பாரதி வந்தபோதும் அதில் விளம்பரம் கிடையாது, 1967இல்தான் அனுமதித்தார்கள். அதுவரை இந்தியக் கடைச்சரக்குகளுக்குக் காற்றில் கிடைத்த பெரிய சந்தை கொழும்புதான். கோபால் பல்பொடி விளம்பரம் இன்றைக்கும் நம் பெரியவர்களின் நாக்கில் நிற்பது அதனால்தான்.

ஆக, நம் சினிமாப் பாட்டு, நம் பல்பொடி, நடுவில் ஓர் இலங்கைக் குரல். நாம் அனுப்பியதையே அழகான உச்சரிப்பில் நமக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதில் நாம் காதலித்தது யாரை? நம்மைத்தான் என்பது என் கட்சி. அறிவிப்பாளர் நமக்கு நல்ல கண்ணாடியாக இருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது, அதில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

உச்சரிப்பையே எடுத்துக்கொள்வோம். அறிவிப்பாளர்கள் நம்மிடம் பேசியது எந்த ஊர்த் தமிழும் இல்லை. யாழ்ப்பாணத்தில் அப்படிப் பேசமாட்டார்கள், மட்டக்களப்பில் மாட்டார்கள், கொழும்பு முஸ்லிம்கள் மாட்டார்கள், மலையகத் தோட்டங்களில் கட்டாயம் மாட்டார்கள். நாடக மேடையும் எழுத்து மொழியும் கலந்து, ஒலிவாங்கிக்கென்று பழக்கிய பொதுத்தமிழ் அது. அதைப் பழகியது அவர்கள் திறமை. அதை ‘இலங்கைத் தமிழ்’ என்று நாம் நினைத்துக்கொண்டதுதான் கோளாறு. அதன் விளைவு, நிஜமான ஈழப் பேச்சு காதில் விழுந்தபோது நமக்குச் சிரிப்பு வந்தது. 2000இல் வந்த ‘தெனாலி’யில் கமல்ஹாசன் அந்தப் பேச்சைப் பேசியது நகைச்சுவைப் படத்தில்தான். ஒரு பக்கம் அறிவிப்பாளர் தமிழ், மறுபக்கம் தெனாலித் தமிழ். இரண்டுக்கும் நடுவே ஒரு நாட்டு மக்கள் பேசும் அத்தனை தமிழும் நமக்குக் கேட்காமலே போயின.

கேட்க வழியே இருக்கவில்லையா என்றால், இருந்தது. ‘பிறந்தநாள் வாழ்த்து’ நிகழ்ச்சியைப் பற்றி எழுதாத நினைவுக் கட்டுரை இல்லை. ஒரு குழந்தையின் பெயர், அதன் ஊர், பிறகு வாழ்த்துவோர் பட்டியல்: அப்பா, அம்மா, அம்மப்பா, அம்மம்மா, அப்பப்பா, அப்பம்மா, பெரியம்மா, மாமா, மாமி, மச்சாள்மார். கூடவே சாவகச்சேரி, சங்கானை, கல்முனை, பதுளை. நம் கட்டுரையாளர்கள் இதை, ஆகா எத்தனை உறவுகள் என்று வியந்து கடந்துவிடுவார்கள். அறிவிப்பாளரின் பொதுத்தமிழைக் கிழித்துக்கொண்டு அந்த நாட்டின் வீட்டுப்பேச்சு வெளியே வந்த இடம் அது. அம்மம்மா என்று அழைக்கிற ஒரு வீடு எப்படிப்பட்டது, பதுளையில் அந்தக் குழந்தையின் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டிருக்கலாம். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அடுத்த பாட்டு வந்துவிட்டது.

‘கோமாளிகளின் கும்மாளம்’ என்று ஒரு வானொலித் தொடர். எஸ்.ராம்தாஸ் எழுதி, பெரும் புகழ்பெற்று, 1976இல் ‘கோமாளிகள்’ என்று திரைப்படமாகவும் வந்தது. அதில் ராம்தாஸ் மரிக்கார் என்ற முஸ்லிமாகப் பேசினார். செல்வசேகரன் உபாலி என்ற சிங்களவராக, சிங்கள வாசம் வீசும் தமிழில் பேசினார். ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாணம் பேசினார். நம் பாட்டுக்குப் பாட்டு அப்துல் ஹமீது, ஐயராகப் பேசினார். ஒரு தமிழர் முஸ்லிமாகிறார், ஒரு முஸ்லிம் ஐயராகிறார், இன்னொரு தமிழர் சிங்களவராகிறார். நாடு முழுக்கச் சிரிக்கிறது. 1970களின் இலங்கையில் இது நடந்தது என்பதை ஒரு கணம் நின்று யோசித்தால் அந்த வானொலியைப் பற்றிய நம் மதிப்பே மாறிவிடும். அந்தப் பாத்திரப் பெயர்கள் மரிக்கார் ராம்தாஸ், உபாலி செல்வசேகரன் என்று நடிகர்களோடு ஒட்டிக்கொண்டன. நம் நினைவுக் கட்டுரைகளிலோ அப்துல் ஹமீது பாட்டின் முதலெழுத்தை எடுத்துக் கொடுக்கிறவர் மட்டுமே. அவருடைய ஐயரைப் பற்றி ஒரு வரி கிடையாது.

இதேபோல விடுபட்டவை நிறைய. ‘சானா’ என்ற சண்முகநாதன் வளர்த்தெடுத்த நாடகங்கள், அவற்றில் ‘லண்டன் கந்தையா’. சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’. ஈழத்துக் கவிஞர்கள் எழுத ஈழத்துக்காரர்கள் இசையமைத்துப் பாடிய மெல்லிசைப் பாடல்கள். அதற்காக மெனக்கெட்ட எஸ்.கே.பரராஜசிங்கம் தானே நல்ல பாடகர், தானே வானொலிக்காரர். நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’. எத்தனையோ ஆண்டுகள் கொழும்பைக் கேட்டோம் என்று மார்தட்டும் நாம், அங்கிருந்து எடுத்து வைத்துக்கொண்ட பாட்டு அநேகமாக ‘சுராங்கனி’ ஒன்றுதான். அதுவும் கல்லூரிச் சுற்றுலாப் பேருந்தில் கைதட்டிப் பாட.

இதைவிடவும் உறுத்துகிற ஒன்று இருக்கிறது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று இரண்டு அரசுகளும் மனிதர்களைப் பங்கு பிரித்தன. அவர்களைக் கேட்டுச் செய்த பங்கு அல்ல அது. அறுபதுகளின் பிற்பகுதியிலிருந்து தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் கொடுத்துவிட்டு, கூடலூர், கோத்தகிரி, கொடைக்கானல் என்று சிதறினார்கள். நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டமே அவர்களுக்காக உண்டானது. காலத்தைக் கவனியுங்கள்: நம் நினைவுக் கட்டுரைகள் பொற்காலம் என்று சொல்லும் அதே ஆண்டுகள், அதே கடல். காற்றில் வந்த குரலை எழுந்து நின்று வரவேற்ற ஊரில், கப்பலில் வந்தவர்களுக்குக் கிடைத்த பெயர் ‘சிலோன்காரன்’, அது மாறினால் ‘அகதி’. அந்தக் கப்பல்களில் வந்தவர்களும் அதே வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே. கொழும்பு வானொலியை நினைவுகூரும் தமிழ்நாட்டு எழுத்து எதிலும் இந்த இரண்டு வரவும் ஒரே பக்கத்தில் இருந்து நான் படித்ததில்லை. அறிவிப்பாளர்களுக்கு இதில் பங்கில்லை, ஒப்புக்கொள்கிறேன். இது கேட்டவர்கள் மீதான வழக்கு.

கே.எஸ்.ராஜா 1994இல் கொழும்பில் கொலை செய்யப்பட்டார். நம் கட்டுரைகளில் இது வருகிறது. வரும் விதத்தைப் பாருங்கள். மூன்று பக்கம் அவருடைய வேகம், அவருடைய மூச்சுக்கட்டுப்பாடு, ‘திரைவிருந்து’ தொகுத்த லாவகம். பிறகு கடைசிப் பத்தியில், விதி அந்தக் குரலைப் பறித்துக்கொண்டது என்று ஒரு வாக்கியம். விதியா? ஒரு நாட்டில் பதினோரு ஆண்டுகளாகப் போர் நடக்கிறது. 1983 ஜூலையில் அதே கொழும்பில் தமிழர்களை வீடு புகுந்து கொன்றிருக்கிறார்கள். அரசு நிறுவனத்தில் ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தமிழ் அறிவிப்பாளருக்கு, என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது, வேலை முடிந்து எந்தத் தெரு வழியாக வீட்டுக்குப் போகலாம் என்பதெல்லாம் அன்றாடக் கவலை. அந்த மனிதரை ஒரு தொண்டையாகச் சுருக்கி, தொண்டை நின்றுபோனதற்கு வருந்துகிறோம். மாரடைப்பில் இறந்த பாடகருக்கு எழுதும் அதே இரங்கல் நடையில்.

ஈழத்தவர்கள் எழுதும் வானொலி நினைவுகள் இப்படி இருப்பதில்லை. அவற்றிலும் ஏக்கம் உண்டு, மிகையும் உண்டு. ஆனால் அங்கே அறிவிப்பாளர் நாடகத்தில் நடிக்கிறார், சக கலைஞரோடு சண்டை போடுகிறார், சம்பளத்துக்கு முணுமுணுக்கிறார், ஊரைவிட்டு ஓடுகிறார். நம் எழுத்தில் அவருக்கு உடம்பே கிடையாது.

இன்னொரு நினைவு மலர் தயாராகிறதாம். எனக்கும் கட்டுரை கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. மர்பி ரேடியோவும் டீக்கடையும் ஏற்கெனவே போதுமான பேரிடமிருந்து வந்திருக்கும். கூடலூருக்கோ கோத்தகிரிக்கோ ஆளனுப்பி, தோட்டத்து லயத்தில் இருந்தபோது வானொலியில் என்ன கேட்டீர்கள் என்று அங்கே மிச்சமிருக்கும் முதியவர்களிடம் விசாரித்து நாலு பக்கம் போடுங்கள், என் பக்கங்களை அதற்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆசிரியருக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.