பேய்க்குக் கூழ், வேந்தனுக்குப் புகழ், மக்களுக்கு?

போரைப் பாடிய தமிழ் நூல்களுள் தலையாயது எது என்று கேட்டால், புலவர் பெருமக்கள் தயக்கமின்றிக் கலிங்கத்துப்பரணியைச் சுட்டுவர். அதனை மறுப்பதற்கில்லை. சயங்கொண்டாரின் தாழிசைகள் குதிரைக் குளம்பொலிபோலத் துள்ளி ஓடுகின்றன. வாளோடு வாள் மோதும் இடத்தில் சொல்லோடு சொல் மோதுகிறது. நாவுக்கும் இனிமை, செவிக்கும் இனிமை.

நாவும் செவியும் இனித்தன என்பதற்காக அறிவை உறங்க வைத்துவிடலாமா, தோழர்களே? கவிநயம் கண்டு மயங்கிக் கருத்தை விழுங்கிவிடாதீர் என்று கம்பன் காவியத்தைக் குறித்து நாடெங்கும் பேசிய இயக்கம் நம்முடையது. இராமனைக் கேட்ட கேள்விகளை இராசேந்திரனைக் கேட்க மட்டும் நம் நாக்கு ஏன் கூசுகிறது? அயோத்தி அரசனுக்கு ஓர் அளவுகோல், தஞ்சை அரசனுக்கு வேறோர் அளவுகோல் என்றால் அதற்குப் பெயர் பகுத்தறிவாகாது. பாசம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இன்று இதனை எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மேடைதோறும் ‘கங்கை கொண்டான், கடாரம் கொண்டான்’ என்ற முழக்கம். வெள்ளித்திரையிலும் வேந்தர் உலா. சுவரொட்டிகளிலோ, ‘மாமன்னன் எங்கள் சாதிக்காரனே’ என்று ஒன்றுக்கு மேற்பட்ட சாதிச் சங்கங்கள் உரிமைப் போர் நடத்துகின்றன. வாளேந்திய சோழனின் நிழலிலே சாதி மெல்ல வந்து குளிர்காய்கிறது. அதனால்தான் பரணியை மீண்டும் ஒருமுறை விரித்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

கதை என்ன? முதற் குலோத்துங்கன் காஞ்சியிலே கொலுவீற்றிருக்கிறான். சிற்றரசர்கள் திறை கொண்டுவந்து குவிக்கின்றனர். திறை கட்டாதார் எவரேனும் உண்டோ என்று வினவுகிறான். வடகலிங்கத்து அரசன் இருமுறை கட்டவில்லை என்கின்றனர். மன்னன் முறுவலிக்கிறான், அவன் மலையரண்களை அழித்து, யானைகளைக் கவர்ந்து, அவனையும் பற்றிக் கொணருமாறு ஆணையிடுகிறான். படைத்தலைமை ஏற்றுப் புறப்படுகிறான் கருணாகரத் தொண்டைமான். கி.பி. 1110-ஐ ஒட்டி நடந்த படையெடுப்பு இது.

இருமுறை திறை பாக்கி! அதற்குத் தண்டனை, ஒரு நாடு முழுவதும் பிணக்காடு! அந்தத் தண்டனையை நிறைவேற்றச் சென்றவன் பெயரோ கருணாகரன்! கலிங்கத்து அவையின் நிலையும் மேலானதன்று. எங்கராயன் என்னும் அமைச்சன் எச்சரிக்கிறான். அரசன் செவி கொடுக்கவில்லை. இரண்டு அவைகளிலும் ஆணவமே பேசிற்று. இரண்டு அவைகளிலும் அமராதவர்கள் களத்திலே கிடந்தார்கள்.

எதிரி யார் என்று பார்ப்போம். குலோத்துங்கனின் தந்தை வேங்கி நாட்டுச் சாளுக்கியன் இராசராச நரேந்திரன். தாய் அம்மங்கை, முதலாம் இராசேந்திரனின் மகள். தந்தையைப் பெற்ற குந்தவையோ முதலாம் இராசராசனின் மகள். ஆகவே சோழ அரியணையில் அமர்ந்த குலோத்துங்கன் தந்தைவழியில் சாளுக்கியன். அவன் எதிர்த்த கலிங்க வேந்தன் அனந்தவர்மன். அவனுடைய பட்டப்பெயரே சோடகங்கன், அதாவது சோழகங்கன். அவன் தாய் இராசசுந்தரி சோழ இளவரசி! மேலைச் சாளுக்கிய ஆறாம் விக்கிரமாதித்தனும் அயலான் அல்லன். வீரராசேந்திரனின் மகளை மணந்து சோழர் வீட்டு மருமகனானவன்.

மாமன், மருமகன், மைத்துனன், பேரன்! ‘பேரரசுகளின் பெரும்போர்’ என்று பாடப்புத்தகம் எழுதுவதை நம் ஊர்த் திண்ணையில் சொன்னால் ‘பங்காளிச் சண்டை’ என்பார்கள். பங்காளிகள் ஊர்ச் சண்டையில் தங்கள் தலையைத்தான் உடைத்துக்கொள்வார்கள். இந்தப் பங்காளிகளுக்கு உடைத்துக்கொள்ள ஊரார் தலைகள் ஆயிரமாயிரமாய்க் கிடைத்தன. அரண்மனைகள் பெண் கொடுத்துப் பெண் எடுத்துக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில்தான் காவிரிக்கரை உழவனும் துங்கபத்திரைக்கரை உழவனும் ஒருவரையொருவர் குத்திச் சாய்ந்தனர். அவர்களுக்கிடையே என்ன பகை? எந்த வரப்புத் தகராறு?

வென்றது யார் என்பதிலாவது ஒரே விடை உண்டா? 1054-இல் கொப்பத்துப் போரில் இராசாதிராசன் யானைமீதே மாண்டான். ‘ஆனைமேல் துஞ்சிய தேவர்’ ஆனான். தம்பி இரண்டாம் இராசேந்திரன் களத்திலேயே முடிசூடிக்கொண்டு, வெற்றி தனதே என்று மெய்க்கீர்த்தி பொறித்தான். அடுத்து வந்த வீரராசேந்திரன், சாளுக்கிய ஆகவமல்லனின் முதுகை ஐந்து முறை கண்டதாகப் பறைசாற்றினான். மறுபக்கம் திரும்புங்கள். காசுமீரத்திலிருந்து வந்து விக்கிரமாதித்தன் அவையில் அமர்ந்த பில்கணன் வடமொழியிலே ஒரு காவியம் இயற்றினான். அதிலே வெற்றியெல்லாம் சாளுக்கியருக்கே. காஞ்சி வரை அவர்கள் கொடி பறக்கிறது! ஒரே பகை, ஒரே நூற்றாண்டு. ஆனால் வெற்றியாளர் இருவர். எந்த அரண்மனை சோறிட்டதோ அந்த அரண்மனையே வென்றது. தமிழில் புகழ்ந்தால் வரலாறு, வடமொழியில் புகழ்ந்தால் புரட்டு என்று நாம் தீர்ப்பளித்தால், நீதி தேவதையின் கண்கட்டை அவிழ்த்து நம் கண்ணில் கட்டிக்கொண்டவர்களாவோம்.

தார்வார்ப் பகுதியில் ஒட்டூர் என்னும் ஊரிலே 1007-ஆம் ஆண்டுக் கன்னடக் கல்வெட்டு ஒன்று உண்டு. இளவரசன் இராசேந்திரன் நடத்திய சோழப்படை ஒன்பது இலட்சம் பேருடன் வந்து நாட்டைச் சூறையாடியது, பெண்களையும் குழந்தைகளையும் பார்ப்பனரையும் கொன்றது என்று அது சாற்றுகிறது. பகைவன் எழுத்து; எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், பத்திலொன்றாகவும் ஆக்குங்கள். மிஞ்சுவதே நம் நெஞ்சை உறுத்தப் போதும். நம் மெய்க்கீர்த்திகளும் ஊர்களை எரித்ததை மறைக்கவில்லை, பெருமையாகவே பேசுகின்றன. இராசாதிராசன் கலியாணபுரத்தைத் தகர்த்து அங்கிருந்து எடுத்துவந்த துவாரபாலகர் சிலை, அச்செய்தி பொறித்த பீடத்தோடு இன்றும் தஞ்சைக் கலைக்கூடத்தில் நிற்கிறது. தன் வாயிலையே காக்கமாட்டாத காவல் தெய்வம்! அதன் ஆற்றல் எத்தகையது என்பதற்கு அந்தச் சிலையே சான்று.

செலவு யாருடையது? வேங்கிப் போருக்கென வேலி ஒன்றுக்கு ஒரு கழஞ்சு பொன் என வரி விதித்தான் வீரராசேந்திரன். வேலிக்குக் கழஞ்சு! மழை பெய்தாலும் பொய்த்தாலும் உழுதவனே அந்தப் பளுவைச் சுமந்தான். வரவு யாருக்கு? முதலாம் இராசேந்திரன் காலத்துக் கரந்தைச் செப்பேடுகளைப் பாருங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பார்ப்பனர்க்கு ஊர் ஊராக நிலம் வழங்கிய செய்தியைப் பக்கம் பக்கமாகக் கூறுகின்றன. போருக்குப் போனவன் பெயர்ப்பட்டியல் அத்தனை நீளத்துக்கு எங்கேனும் உண்டா?

இனிப் பரணியின் உள்ளே நுழைவோம். அதன் பாதி பேய்களின் கதை. போர் இல்லாமல் பேய்கள் பட்டினி கிடக்கின்றன, காளியிடம் முறையிடுகின்றன, முறையீடு கேட்கப்படுகிறது, போர் வருகிறது, பிணங்களால் கூழ் சமைத்துப் பரிமாறப்படுகிறது. பசி என்று முறையிட்டால் கேட்கப்படும் உரிமை இந்த நூலில் பேய்க்குத்தான் உண்டு, குடிமகனுக்கு இல்லை! அந்தக் கூழ்ப் பந்தியிலும் பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய் என்று பிரிவுகள். செத்த பிறகும் சாவாத சாதியைப் பேயுலகிலும் கண்ட புலவரின் கண்ணை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

இன்னொரு காட்சி. தோற்றோடும் கலிங்க வீரர் உயிர்பிழைக்க வேடம் புனைகின்றனர். சிலர் மயிர் பறித்துச் சமணராகின்றனர். சிலர் குருதி தோய்ந்த துணியைப் போர்த்திப் புத்தத் துறவியராகின்றனர். வேறு சிலர் வில்லின் நாணை மடித்துப் பூணூலாக அணிந்து, கங்கையாடப் போனோம், அகப்பட்டோம் என்கின்றனர். நகைச்சுவைக்காகப் பாடியதுதான். ஆனால் நகைச்சுவை, புலவர் அறிந்தோ அறியாமலோ, ஓர் உண்மையைக் கக்கிவிடுகிறது. நாணாக இருந்தவரை அந்தக் கயிறு அவன் உயிரைக் காக்கவில்லை. அதையே தோளில் பூணூலாகப் போட்டான், உயிர் தப்பியது! அக்காலச் சமுதாய அமைப்பை விளக்க இதனினும் சுருக்கமான சான்று வேண்டுமா?

அடுத்து, களத்திலே கணவனைத் தேடும் மனைவி. வாளேந்திய கை எங்கே, மார்பு எங்கே, தோள் எங்கே என்று காளியின் ஏவல் மகளிடம் கேட்கிறாள் அவள். நூல் முழுவதிலும் மனிதக் குரல் கேட்கும் இடம் இதுவே. சயங்கொண்டார் பெருங்கவிஞர் என்பதற்கு இது ஒன்றே போதும். ஆயினும் அங்கே நிற்க அவருக்கு மனமில்லை. அவை அவரை நிற்க விடவில்லை. இன்னொருத்தி, வானுலக மகளிர் கணவன் உயிரைத் தழுவுமுன் தன் உயிரையும் விட்டுவிடுகிறாளாம். கைம்பெண்ணின் கண்ணீரைக் காதல் பொறாமையாக மாற்றிவிட்டார்! உடன்கட்டைக்குக் கவிதை பூசிய பொன்முலாம் இது. இந்த இடத்தில் நாம் கைதட்டக் கூடாது.

இவ்வளவும் செய்து பெற்ற பயன் என்ன? கலிங்கம் சோழநாட்டோடு சேரவில்லை. ஓடி ஒளிந்ததாகப் பரணி பாடும் சோடகங்கன், 1147-ஐ ஒட்டிய காலம் வரை, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அரசு வீற்றிருந்தான். பூரியில் செகநாதர் கோயில் எழுந்தது அவனால்தான். சோழர் நிலையோ? 1116-ஐ ஒட்டித் தலைக்காட்டில் சோழர்க்காக நின்ற அதியமானை ஒய்சள விட்டுணுவர்த்தனன் வென்றான், கங்கபாடி போயிற்று. 1118-ஐ ஒட்டி வேங்கியும் சாளுக்கியர் கைக்குப் போயிற்று. பரணி முழங்கிய பத்தாண்டுக்குள் பேரரசின் எல்லை சுருங்கிற்று. எஞ்சியது பாட்டு ஒன்றே.

அதே கலிங்க மண்ணில் கி.மு. 261-ஐ ஒட்டி அசோகன் நடத்திய போரை நினைவுகூருங்கள். இலட்சம் பேர் மாண்டனர், ஒன்றரை இலட்சம் பேர் பெயர்த்துச் செல்லப்பட்டனர் என்று அவனே பாறையில் பொறித்து வருந்தினான். வென்றவன் வருந்தியது வரலாற்றில் அரிது. எனினும் கலிங்கத்தில் இருக்கும் தௌலி, சௌகடப் பாறைகளில் அந்த வருத்தக் கல்வெட்டு இடம்பெறவில்லை! அடிபட்டவனுக்குத் தெரியாமல் அடித்தவன் அழுத கண்ணீர் அது. நல்ல மன்னனே ஆனாலும் மன்னன் மன்னன்தான்.

அப்படியானால் தமிழனுக்கு மறம் இல்லையா, பெருமை இல்லையா என்று சீறும் இளைஞர்க்கு ஒன்று சொல்வேன். எங்கள் சூரமங்கலத்திலிருந்து தொப்பூர்க் கணவாய் ஏறி வடக்கே போனால் தருமபுரி. அங்குள்ள அருங்காட்சியகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. திறைக்காகப் படையெடுத்தவன் கல் அல்ல அவற்றுள் பல. ஊர் ஆநிரையைக் கவர வந்தோரைத் தடுத்து வீழ்ந்தவனின் கல். அவன் பெயர் உண்டு, ஊர் உண்டு, எதற்காக மாண்டான் என்ற செய்தி உண்டு. செங்கம் பக்கத்து எடுத்தனூரிலே, ஏழாம் நூற்றாண்டுக் கல்லொன்றில், தலைவனுக்குத் துணைநின்ற நாயின் பெயர்கூட இருக்கிறது: கோவிவன்! ஊரைக் காத்த நாய்க்கு மக்கள் பெயர் பொறித்தனர். கலிங்கக் களத்தில் மடிந்த ஆயிரக்கணக்கான தமிழ் வீரருள் ஒருவன் பெயரையேனும் பரணி நமக்குச் சொல்கிறதா? யானைகளுக்குக் கணக்கு இருக்கிறது. ஆயிரம் யானையைக் கொன்றால்தான் பரணி பாடலாம் என்று இலக்கணமே வகுத்தார்கள். மனிதனுக்குக் கணக்கில்லை.

பெருமை வேண்டுமா? அந்த நடுகல்லிலிருந்து தொடங்குங்கள். குலோத்துங்கனிடமே வேண்டும் என்றால், அவன் சுங்கவரியை நீக்கியதால் பெற்ற ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்னும் பெயரைச் சொல்லுங்கள். வண்டியோட்டிய வணிகனும் தலைச்சுமை தூக்கியவனும் வாழ்த்தியிருக்கக்கூடிய செயல் அது. ஆனால் அதற்கென்று ஒரு பரணி எழவில்லை. ஏன் எழவில்லை என்ற கேள்வியிலே நம் பழைய இலக்கியத்தின் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

பரணியைக் கொளுத்தச் சொல்லவில்லை. படியுங்கள், உரக்கப் படியுங்கள், அந்தத் தமிழை உங்கள் நாவுக்குச் சொந்தமாக்குங்கள். அதன் ஓசையை எடுத்துக்கொண்டு, அது பாடாதவனைப் பாடுங்கள். கழஞ்சுப் பொன் கட்ட முடியாமல் கலங்கியவனை, களத்திலே கணவன் தோளைத் தேடியவளை, பெயர் தெரியாமல் புதைந்த இரு நாட்டு உழவனைப் பாடுங்கள். மன்னர்க்குப் பாடிய காலம் போய்விட்டது. மன்னரும் போய்விட்டனர். அவர்கள் முன் மண்டியிடும் முழங்கால் மட்டும் இன்னும் ஏன் நிமிரவில்லை என்பதே தன்மான இளைஞன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.