நான்கு வாசல்

தேடுபொறி இருக்கும்போது வகைப்பாடு எதற்கு என்று கவிஞர் நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வியில் ஒரு சௌகரியமான சோம்பல் இருக்கிறது. பெட்டியில் ஒரு சொல்லை இட்டால் அந்தச் சொல் இருக்கும் இடம் வரும். அந்தச் சொல்லே தெரியாதவன் எதை இடுவான்?

திவாகரம் முதலிய நிகண்டுகள் தேவர், மக்கள், விலங்கு, மரம் என்று பொருள்வாரியாகச் சொற்களைச் சேர்த்தன. மனப்பாடம் செய்தவனுக்கே அவை வசப்பட்டன. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியில் அகர வரிசையைக் கொண்டுவந்தது பெரிய விடுதலை. எழுத்து தெரிந்த எவனும் உள்ளே போகலாம். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை என்பதை நாம் கவனிப்பதில்லை. பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதி வைத்தார். சொல்லிலிருந்து பொருளுக்குப் போகலாம், பொருளிலிருந்து சொற்களுக்கு வரலாம், எதுகை பிடித்தும் போகலாம். ஒரு வாசல் போதாதென்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

நமக்கு இப்போது ஒரு வாசல்தான். 1994இல் தொடங்கிய யாஹூ, மனிதர்கள் உட்கார்ந்து வகைபிரித்த அட்டவணையாக இருந்தது. 2014இல் அதை மூடிவிட்டார்கள். 1998இல் வந்த கூகுளின் மூல யோசனை வேறு: ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள், எவ்வளவு முக்கியமான பக்கங்கள் சுட்டுகின்றன என்று எண்ணுவது. பலர் சுட்டுவது முன்னால் வரும். முந்நூறு பிரதி அச்சடிக்கும் நமக்கு இதன் அர்த்தத்தை விளக்க வேண்டியதில்லை.

வகைப்பாடு நிரபராதி என்று நான் சொல்ல வரவில்லை. 1876இல் வெளியான டூயியின் தசம முறையில் மதத்துக்கு ஒதுக்கிய நூறு எண்களில் பெரும்பகுதி கிறிஸ்தவத்துக்கு. மற்ற மதங்களெல்லாம் 290க்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், புத்தகத்தை ஒரு கூண்டில் அடைக்காமல் பொருள், செயல், இடம், காலம் என்று பல முகங்களாகப் பிரித்துக் கோக்கும் கோலன் பகுப்பு முறையை 1933இல் வெளியிட்டார். இன்று அந்த மாதிரியான முகங்களை நான் அதிகம் பார்ப்பது இணையக் கடைகளில்தான்: அளவு, நிறம், விலை. சட்டைக்குக் கிடைத்த மரியாதை கவிதைக்குக் கிடைக்கவில்லை.

தமிழுக்குத் தனிச் சங்கடம் ஒன்று உண்டு. வெறும் எழுத்துப் பொருத்தம் பார்க்கும் தேடலில் ‘மரம்’ என்று இட்டால் ‘மரத்தை’ வராது, ‘மரங்கள்’ வராது. யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் அடித்தவை ரோமன் எழுத்துக் குப்பையாகவே தெரியும். படமாக மட்டும் வருடி ஏற்றிய பழைய சிற்றிதழ்களிலோ தேடச் சொல்லே கிடையாது. ஏற்றியாயிற்று என்று திருப்திப்படுகிறோம். (எங்கள் கிளையிலும் ஒரு கிழவர், அப்பாவின் பெயர், ஊர், கணக்குத் தொடங்கிய வருஷம் எல்லாம் சொல்கிறார், கம்ப்யூட்டர் எண்ணைக் கேட்கிறது. பெயரை இட்டால் ஆங்கிலத்தில் விதவிதமான ஸ்பெல்லிங்கில் நாற்பது முருகேசன்கள்.)

பொருளடைவு தயாரிப்பது குமாஸ்தா வேலை என்ற இளப்பம் நம்மிடம் இருக்கிறது. எந்தக் கவிதைக்குப் பக்கத்தில் எந்தக் கவிதை என்று தீர்மானிப்பது விமர்சனம் இல்லாமல் வேறென்ன? என்னிடமுள்ள எட்டுப் பழைய இதழ்களுக்கு எழுத ஆரம்பித்திருக்கிறேன். ‘மரணம்’ என்ற தலைப்பில் எதையெல்லாம் சேர்ப்பது, எதை ‘வீடு’ என்பதற்குத் தள்ளுவது என்பதிலேயே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன.