புனைந்த எழுத்தும் புழங்கும் எழுத்தும்

எழுத்து என்பது ஒலியா, வரிவடிவமா என்னும் வினா தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியர் தம் நூலை எழுத்ததிகாரத்தில் தொடங்கினாலும் அங்கே பெரிதும் ஆராயப்படுவது ஒலியின் இயல்பே. மெய்யும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்பன போன்ற சில குறிப்புகளே வடிவம் பற்றியவை. ஒலி முன்னே இருந்தது. அதனைக் காட்ட வடிவம் பின்னே வந்தது. ஆயின், நம் காலத்தில் இவ்வரிசை தலைகீழாக நிகழ்வதையும் காண்கிறோம். எங்குமே வாழாத ஓர் இனத்துக்குத் திரைப்படக் கலைஞர் வடிவங்களைப் புனைகிறார். சுவைஞர்கள் அவற்றுக்கு ஒலியும் முறையும் தந்து, கணினியில் தட்டெழுதத்தக்க எழுத்துருவாக ஆக்கிவிடுகின்றனர். இது வீண் வேலையா, நாம் கற்பதற்கு இதில் ஏதேனும் உண்டா என்று ஆராய்வோம்.

இவ்வகையில் புகழ் பெற்றது 'ஸ்டார் டிரெக்' கதைகளில் வரும் கிளிங்கன் என்னும் வேற்றுலக இனத்தின் எழுத்து. 1979ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் அவ்வினத்தாரின் கலத்தில் தெரிந்த குறிகள் வெறும் அலங்காரமே, அவற்றுக்குப் பொருளில்லை. மொழியியலறிஞர் மார்க் ஓக்ராண்ட் 1985இல் வெளியிட்ட அகராதியும் அம்மொழியை உரோமன் எழுத்திலேயே தந்தது. ஒலிக்கொரு குறி என்னும் அட்டவணை பின்னரே ஆர்வலரிடையே பரவியது. அதன்பின் அவர்கள் குறிகளை ஒரே அளவாக வரைந்தனர். ஒவ்வொன்றுக்கும் கணினியில் ஓர் எண்ணும் விசைப்பலகையில் ஓரிடமும் ஒதுக்கினர். கூலியின்றி, அன்பு ஒன்றினால் மட்டுமே நடந்த பணி இது. அவ்வுழைப்பை நாம் எள்ளி நகையாடுதல் முறையன்று.

ஆயினும் அதன் முடிவு சிந்திக்கத்தக்கது. உலக எழுத்துகளுக்கெல்லாம் பொது எண்கள் வழங்கும் ஒருங்குறியில் இவ்வெழுத்தையும் சேர்க்குமாறு 1997இல் ஒரு முன்மொழிவு சென்றது. 2001இல் அது மறுக்கப்பட்டது. காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று நம் நெஞ்சைத் தைப்பதாகும்: கிளிங்கன் மொழியில் எழுதுவோருள் மிகப் பெரும்பாலோர் அவ்வெழுத்தைப் பயன்படுத்தவில்லை, உரோமன் எழுத்திலேயே செய்தி பரிமாறிக்கொண்டனர். வடிவம் இருந்தது, எழுத்துருவும் இருந்தது, அன்பும் இருந்தது. அன்றாடப் புழக்கம் மட்டுமே இல்லை.

நம்மவர் முயற்சி ஒன்றும் உண்டு. 2015இல் வெளிவந்த 'பாகுபலி' திரைப்படத்தில் காலகேயர் பேசும் கிளிக்கி மொழியை அமைத்தவர் மதன் கார்க்கி. ஆஸ்திரேலியாவில் பயின்ற காலத்தில் சிறுவர்க்காக அவர் விளையாட்டாக அமைத்த சிறு மொழியே அதற்கு வித்து. படத்துக்காக அது ஏறத்தாழ 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் கொண்டதாக வளர்ந்தது. 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள், உலகத் தாய்மொழி நாளன்று, எழுத்துக்கும் எண்ணுக்குமாக 22 குறிகளுடன் அது மக்கள் கற்குமாறு வெளியிடப்பட்டது. 'மின்' என்றால் நான். அதனைத் திருப்பினால் 'நிம்', அதாவது நீ. எதிர்ச்சொல்லை இவ்வாறு அமைத்த நுட்பம் பாராட்டுக்குரியது. கதையில் அச்சமூட்டும் பகைவரின் வாயில் வைக்கப்பட்ட மொழி, தான் பிறந்த இடமாகிய சிறுவர் விளையாட்டுக்கே திரும்பியது ஒரு நயம்.

ஆனால், உலகின் மிக எளிய மொழி என்று அதனைப் போற்றும்போது ஆசிரியர் நாம் சற்றே நின்று எண்ணல் வேண்டும். பாட்டி சொன்ன கதையும், தாத்தா எழுதிய கடிதமும், கல்லில் வெட்டிய பெயரும் இல்லாத மொழி எளிதாக இருப்பதில் வியப்பில்லை. அதனோடு ஒப்பிட்டு, 247 எழுத்துகளை உடைய தமிழ் கடினமானது என மாணவர் மயங்குவதும் தவறு. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் ஆகியவற்றோடு உயிர்மெய்க் குறிகளையும் அறிந்தால் பெரும்பகுதி வசமாகிவிடும்.

இனி நம் எழுத்துருவின் வரலாற்றையும் நோக்குவோம். 1985இல் இம்மலேசிய மண்ணில் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை உருவாக்கியபோது கணினித் தமிழுக்கு அரசோ பெருநிறுவனமோ வழி வகுத்து வைத்திருக்கவில்லை. அக்காலத்து எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தன. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற கோலமே தெரியும். 1991இல் ஒருங்குறியின் முதற்பதிப்பில் தமிழ் இடம் பெற்றிருந்தும், அது எல்லார் கைக்கும் வர ஆண்டுகள் பல சென்றன. புனைந்த எழுத்தின் சுவைஞர்களைப் போலவே, நம்முடையவர்களும் இராப்பகலாய் அமர்ந்து 'கொ' என்பதன் கொம்பு முன்னும் கால் பின்னும் பிரிந்து நிற்குமாறு செய்தனர். கிளிங்கனுக்கு மறுக்கப்பட்ட இடம் நமக்கு உண்டு. அதனை நாம் பயன்படுத்துகின்றோமா?

சென்ற ஆண்டு எம் பள்ளி ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் குறிப்பேட்டில் விந்தையான குறிகளை எழுதிக்கொண்டிருந்தான். நண்பர் இருவரோடு சேர்ந்து படைத்த கமுக்க எழுத்தாம். "இந்த அக்கறையைத் தமிழில் காட்டக்கூடாதா, தம்பி?" என்று கேட்டேன். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "ஐயா, பெற்றோர் கூட்டத்துக்கு நீங்கள் அம்மாவின் கைப்பேசிக்கு அனுப்பிய செய்தி தமிழ்தான், ஆனால் ஆங்கில எழுத்தில்தானே இருந்தது?"

எனக்கு விடை தோன்றவில்லை. விரைவு கருதிச் செய்தேன் என்பது உண்மை. எனினும் அது விடையாகாது. 1816இல் பினாங்கு இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கியதையே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொண்டு இருநூற்றாண்டு விழா எடுத்தோம். அந்த ஊரிலிருந்து ஒரு தலைமையாசிரியன் தமிழை உரோமன் எழுத்தில் அனுப்புகிறான். சிறுவன் ஒருவனோ தான் படைத்த எழுத்தை நாள்தோறும் கையால் எழுதிப் பழகுகிறான். எழுத்தின்பால் உண்மையான பற்று யாரிடம் இருக்கிறது?

அவன் குறிப்பேட்டை நான் பறிக்கவில்லை. அவனுடைய குறிகளுள் குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு உண்டா என்று கேட்டேன். இல்லை என்றான். வீரமாமுனிவர் ஏகார ஓகாரங்களை வேறுபடுத்திய செய்தியைச் சொன்னேன். மறுநாள் நெடிலுக்கு ஒரு சுழி சேர்த்துக்கொண்டு வந்தான். எழுத்துச் சீர்திருத்தம் என்னும் பாடத்தை இதனினும் நன்றாக நான் என்றும் நடத்தியதில்லை.

புனைந்த எழுத்துகள் தமிழுக்குப் பகையல்ல. ஓர் எழுத்தை வாழவைப்பது அதன் அழகோ பழைமையோ அன்று, அதனை எழுதும் கைகளே என்பதை அவை நமக்கு உணர்த்துகின்றன. அன்று முதல் என் கைப்பேசிச் செய்திகளைத் தமிழ் எழுத்திலேயே அனுப்பி வருகிறேன். விரல் இன்னும் தடுமாறுகிறது, பழகிவிடும்.