முப்பது போதும்

ஹீத்ரோவின் 27 ஆர் ஓடுபாதைக்குக் கிழக்கிலிருந்து இறங்கிப் பார்த்தால்தான் ஒரு ஃபிளைட் சிமுலேட்டர் செட்டப்பின் யோக்கியதை தெரியும். வலப்பக்க ஜன்னலில் டவர் பிரிட்ஜ், தேம்ஸ், லண்டன் ஐ என்று வரிசையாக வரும். போட்டோகிராமெட்ரி லண்டன் மொத்தமும் மெமரியில் ஏறி உட்கார்ந்திருக்கும். முன்னால் ஃபீனிக்ஸ் ஏ320 காக்பிட்டின் அத்தனை திரைகளும் தம்பாட்டுக்குப் புதுப்பித்துக்கொண்டிருக்கும். இவ்வளவையும் சுமந்து ஒரு திக்கல் இல்லாமல் தரைதொட்டால் அந்த மெஷினை நான் மதிப்பேன். அட்லாண்டிக் மேல் 36,000 அடியில் நொடிக்கு 90 ஃபிரேம் ஓடுகிறது என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பும் நண்பர்கள் எனக்கும் உண்டு. அங்கே வரைவதற்கு என்ன இருக்கிறது, தண்ணீரைத் தவிர?

நான் முப்பது கட்சி. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர், வி-சிங்க் பாதி ரெஃப்ரெஷில் பூட்டியது, 33.3 மில்லி செகண்டுக்கு ஒரு படம். அதில் ஒன்றுகூட அடுத்த ரெஃப்ரெஷுக்குத் தவறி 50 மில்லி செகண்ட் ஆகிவிடக் கூடாது. துரிதத்தில் பறந்து இடையிடையே இடறும் வித்வானைவிட, எடுத்த காலப்பிரமாணத்தைக் கடைசிவரை விடாதவர் கச்சேரிக்குத்தான் நான் போவேன். அறுபதுக்கும் நாற்பதுக்கும் நடுவே ஊசலாடும் ஃபிரேம் கவுன்டரைப் பார்த்துப் பூரிப்பவர்களின் ரசனையை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் எண்ணைப் பார்க்கிறார்கள், நான் ஃபிளேரைப் பார்க்கிறேன்.

ஆம், ஃபிளேர்; தரைதொடும் முன் மூக்கைத் தூக்கி இறக்கத்தைத் தணிக்கும் கணம். எல்லா ட்வீக்கும் கடைசியில் அந்தச் சில நொடிகளுக்காகத்தான். நிமிடத்துக்கு 700 அடி இறக்கம் என்றால் நொடிக்குப் பன்னிரண்டு அடிக்குச் சற்றுக் குறைவு. முப்பது ஃபிரேமில், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே விமானம் ஐந்து அங்குலம்கூட இறங்குவதில்லை. கண்ணும் கையும் அதைத் தொடர்ந்து பிடித்துக்கொள்ளும். இப்போது முப்பது அடி உயரத்தில் 'தேர்ட்டி' என்று காக்பிட் குரல் கேட்கும் நேரத்தில் மூன்றில் ஒரு நொடி படம் உறைந்தால்? நான்கு அடி காணாமல் போயிற்று. 140 நாட் வேகத்தில் ஓடுபாதையில் இருபத்து நான்கு மீட்டர் காணாமல் போயிற்று. ஸ்டிக்கை இழுக்கவேண்டிய கணம் அந்த உறைந்த படத்துக்குள் போய்விடும். மூக்கை இன்னும் அரை டிகிரி தூக்கலாமா என்று கை யோசிக்கும் அந்த நேர்த்தி, சராசரி ஃபிரேம் எண்ணில் தெரியவே தெரியாது. மோசமான அந்த ஒரு ஃபிரேம்தான் கணக்கு. மற்றதெல்லாம் விளம்பரம்.

இந்தப் பாடத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எஃப்எஸ்எக்ஸ், அதாவது மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ். 2006-இல் வந்தபோது அதை முழு அழகில் ஓட்டும் வீட்டுக் கணினி ஊரில் இருந்ததாக நினைவில்லை. பாரம் பெரும்பாலும் ஒற்றைக் கோர் மேல். 32 பிட் என்பதால் நினைவகத்துக்கு 4 ஜிபி என்ற கூரை. நீண்ட பயணம் முடிந்து ஃபைனலில் கியர் இறக்கும்போது மெமரி தீர்ந்து சிம் சாய்ந்த கதை அக்காலத்து ஆட்கள் எல்லாரிடமும் இருக்கும். நோட்பேடில் எஃப்எஸ்எக்ஸ் டாட் சிஎஃப்ஜி-யைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் பேரம் பேசினோம். அஃபினிட்டிமாஸ்க் 14 என்று எழுதியவன், 14 இருமத்தில் 1110, அதாவது நான்கு கோர்களில் முதலாவதை விட்டுவிடுகிறோம் என்று அறிந்தே எழுதினான்.

ஆனால் அந்தக் கோப்பிலேயே எனக்குப் பிடித்த வரி ஃபைபர்_ஃபிரேம்_டைம்_ஃபிராக்‌ஷன். கொடுத்திருந்த மதிப்பு 0.33. ஒரு படம் வரையக் கிடைக்கும் நேரத்தில் எத்தனை பங்கைத் தரைக்காட்சி ஏற்றும் வேலைக்கு ஒதுக்குவது என்பதை அது தீர்மானிக்கும். கூட்டினால் தரை கூர்மையாகும், ஃபிரேம் இறங்கும். குறைத்தால் ஃபிரேம் துள்ளும், கீழே வயலும் சாலையும் பாசி பிடித்த மாதிரி மங்கிக் கிடக்கும். சிமுலேட்டர் என்பதே இந்த நேரப் பங்கீடுதான் என்று இத்தனை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட செட்டிங் அதற்குப் பிறகு வரவில்லை. உள்ளேயே முப்பதில் பூட்டினால் மிஞ்சும் நேரம் தரைக்குப் போகும்; 'அன்லிமிடெட்' என்று திறந்துவிட்டால் படம் மொத்தத்தையும் விழுங்கும். இதற்காக இரவெல்லாம் வாதாடினோம். வெயில் காலத்தில் மெஷினின் பக்கப் பலகையைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பிவைத்தபடி.

இன்றைய மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரிலும் பேரம் அதேதான், பெயர்தான் மாறியிருக்கிறது. டெவலப்பர் மோடில் ஃபிரேம் கவுன்டரைத் திறந்தால் 'லிமிடெட் பை மெயின் த்ரெட்' என்று வரும் அந்த வரியை முதலில் படிக்கவேண்டும். அப்படி இருக்கும்போது ரெசல்யூஷனைக் குறைத்துப் பயனில்லை, கிராஃபிக்ஸ் கார்டு சும்மாதான் இருக்கிறது. குறைக்கவேண்டியது டெரெய்ன் எல்ஓடி, அதாவது தரைக்காட்சியின் விவர அளவு. அதை 100-லிருந்து 200 ஆக்கினால் விவரம் தெரியும் தொலைவுதான் இரட்டிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பரப்பு நான்கு மடங்காகிறது. உயரத்தில் அது வேண்டும்தான். ஆயிரம் அடிக்குக் கீழே எதற்கு? கூரைகளுக்கு அப்பால் எதுவும் தெரியப்போவதில்லை.

சிப்பிலும் இதே நீதி. 2022-இல் வந்த ரைசன் 5800எக்ஸ்3டி, தன் அண்ணன் 5800எக்ஸைவிடக் கடிகார வேகத்தில் குறைவு. ஆனால் 32-க்குப் பதில் 96 எம்பி எல்3 கேஷ். சிம்மில் அண்ணனை அநாயாசமாகத் தாண்டியது. கிகாஹெர்ட்ஸ் பக்தர்கள் இன்னும் அதை மன்னிக்கவில்லை.

ஃபிரேம் ஜெனரேஷன் வந்ததும் முப்பது கட்சி கலைந்துவிடும் என்றார்கள். இரண்டு நிஜப் படங்களுக்கு நடுவே ஒன்றைக் கற்பனையாகச் செருகுவது அது. ஆல்ப்ஸ் மேல் வேடிக்கை பார்க்கப் பிரமாதம். ஆனால் அந்தச் செருகிய படத்துக்கு என் கை ஸ்டிக்கை அசைத்தது தெரியாது. பார்ப்பதற்கு அறுபது, ஓட்டுவதற்கு முப்பதைவிடச் சற்றுத் தாமதம். தலையில் விஆர் ஹெட்செட் மாட்டுகிறவர்களும் தலையசைவைத் தொடரும் ட்ராக்ஐஆர் வைத்திருப்பவர்களும் முப்பதில் தலை சுற்றும் என்கிறார்கள். நியாயம், அது வேறு கட்சி.

எரிச்சல் இன்றைய ட்வீக்கர்கள் மேல்தான். 'பெஸ்ட் செட்டிங்ஸ்' வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, யாரோ ஒருவருடைய மெஷினின் ஸ்லைடர்களை அப்படியே நகலெடுக்கிறார்கள். எதை எதற்கு விட்டுக்கொடுத்தோம் என்ற கேள்வியே இல்லை. காட்சி செய்பவர்களும் சளைத்தவர்களல்ல. விமானநிலையக் கட்டடத்துக்குள் நாற்காலி, கடை, கழிப்பறைக் கதவு வரை 4கே டெக்ஸ்சர். விமானியின் இருக்கையிலிருந்து அதை யார் பார்க்கிறார்கள்? 2021 ஜூலை அப்டேட்டில் ஃபிரேம் தாராளமாக ஏறியது உண்மை. கூடவே, தலையைத் திருப்பினால் மரங்கள் அப்போதுதான் முளைத்தன. திரைக்கு வெளியே உள்ளதைத் தூக்கியெறிந்துதான் அந்த வேகம் வந்தது. பிறகு அதற்கும் ஒரு ஸ்லைடர் கொடுத்தார்கள். பழைய 0.33 பேரம் வேறு வேஷத்தில்.

இப்போதைக்கு என் மெஷினில் டெரெய்ன் எல்ஓடி 120, கண்ணாடி காக்பிட் ரெஃப்ரெஷ் மீடியம், முப்பதில் பூட்டு. தெளிவான நாளில் 27 ஆர் கம்பீரமாக இறங்குகிறது. லண்டனில் தெளிவான நாள் எத்தனை என்பதுதான் சிக்கல். தாழ்ந்த மேகக்கூட்டத்துக்குள் நுழைந்ததும் மெயின் த்ரெட் தப்பிக்கிறது, கிராஃபிக்ஸ் கார்டு மாட்டிக்கொள்கிறது. மேகத்தை அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்கினால் தீர்ந்துவிடும், தெரியும். அதற்கு மட்டும் மனம் வரவில்லை.