சூரியனா, தகட்டின் கருமையா?

கொடைக்கானல் சூரிய வானாய்வு நிலையம் 1904 முதல் எடுத்துச் சேர்த்த சூரியப் படங்களை இன்று கணிப்பொறியில் நீங்கள் கட்டணமின்றிக் காணலாம். பழைய தகட்டின் பின்னிருந்து சீரான ஒளி பாய்ச்சி, மின்னணுக் காமிராவால் படமெடுத்து எண்களாக்கியிருக்கிறார்கள். ஒரு படத்திற்கு 4096 × 4096 புள்ளிகள். புள்ளிக்குப் பதினாறு பிட், அதாவது 65,536 ஒளிப்படிகள். அரிய பணிதான்.

ஆனால் இந்த எண்கள் எதை அளக்கின்றன? என் மாணவர் ஒருவர் 1913, 1957 படங்களை ஒப்பிட்டு, சூரியன் இத்தனை மடங்கு ஒளிர்ந்ததென்று எழுதி வந்தார். அவர் அளந்தது சூரியனை அன்று, தகட்டின் கருமையை! ஒளி இருமடங்கானால் கருமையும் இருமடங்காகும் என்பதில்லை. மங்கலிலும் மிகுந்த ஒளியிலும் தகடு மந்தமாகிவிடும். அளவறிந்த ஒளிப்படிகளைத் தகட்டின் ஓரத்தில் பதித்திருந்தால் கணக்கைத் திருத்தலாம். எல்லாத் தகடுகளிலும் அவை இல்லை. பிட்டுகளைக் கூட்டி என்ன பயன்?

வழி உண்டு. அமைதியான சூரிய வட்டில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஒளி எப்படிக் குறையும் என்பது தெரிந்ததே. அதையே அளவுகோலாக்கி ஆய்வாளர்கள் தகடுகளைத் திருத்துகிறார்கள். கரும்புள்ளிகளின் இடத்தையும் பரப்பையும் இப்படங்களில் தாராளமாக அளந்து பாருங்கள். ஒளிச்செறிவு வேண்டுமென்றால், திருத்திய படமா என்று முதலில் கேளுங்கள்.