வீட்டில் மிருதங்கப் பதிவு: சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும்

மிருதங்கம் பார்வைக்கு ஒரு கருவி, ஒலிப்பதிவுக்கு இரண்டு. வலப்பக்க முகமான வலந்தலையில் கரணை ஏற்றிய தோல் சுருதியோடு சேர்ந்து பாடும். இடப்பக்க முகமான தொப்பியில் ஈர ரவை அப்பிய தோல் தாழ்ந்து முழங்கும். வெறும் வட்டத் தோலை அடித்தால் ஒன்றோடொன்று சேராத அதிர்வுகள்தான் எழும். நடுவில் ஏற்றிய கரணையின் எடை அவற்றை அடக்கி, அடிப்படை அதிர்வின் முழு மடங்குகளாக நிறுத்துகிறது. சி.வி. ராமன் இதைத் தம் உடன் ஆய்வாளரோடு சேர்ந்து 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். 1934இல் தனியாக இன்னும் விரிவாக எழுதினார். சாப்பு, மீட்டு ஆகிய அடிகளில் கேட்கும் அந்த நாதம் மைக்கில் விழவேண்டும், தொப்பியின் கும்கி முழக்கமும் கூடவே விழவேண்டும். இரண்டு முகமும் எதிரெதிர்த் திசையில் பேசுவதால் நேர் முன்னால் வைத்த மைக்குக்கு இரண்டுமே பக்கவாட்டில்தான் கேட்கும். சென்னை மயிலாப்பூரில் பதிந்தாலும் யாழ்ப்பாணம் மருதனார்மடத்தில் பதிந்தாலும் இந்தச் சிக்கல் ஒன்றே. அதைச் சூழ்ந்த வீடும் மின்சாரமும் கடைத்தெருவும்தான் வேறு.

முதலில் கருவி. இரு ஊர்களிலும் கடற்கரைக் காற்று, ஐப்பசி கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை. ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். ஏ.சி. அறையில் வைத்தால் காய்ந்து ஏறும். ஆகவே பதிவு நடக்கும் அறையிலேயே மிருதங்கத்தை ஒரு மணி நேரமாவது விட்டுவைத்து, அதன் பிறகே கல்லும் கட்டையும் கொண்டு சுருதி சேர்ப்பது நல்லது. பெண் குரலின் 5 கட்டைச் சுருதிக்கு 22 அங்குல மிருதங்கம், ஆண் குரலின் தக்கு சுருதிக்கு 24 அங்குலம் என்பது பொது வழக்கம். தவறான அளவை இழுத்துப் பிடித்துச் சுருதி சேர்த்தால் நாதம் குறுகிவிடும், எந்த மைக்காலும் அதை மீட்க முடியாது.

சென்னையில் தோல் மூட்டு கிழிந்தால் வார் பிடிப்பவரை அன்றைக்கே தேடிப் போகலாம். பண்ருட்டிப் பலாமரமும் தஞ்சாவூர்க் கைத்திறனும் அருகில் உள்ளன. அந்தக் கைத்திறனுக்குப் பின்னால் இருக்கும் குடும்பங்களின் உழைப்பு நெடுங்காலம் பேசப்படாமலே இருந்தது. பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூல் அதை முன்னால் கொண்டுவந்தது. மிருதங்கத்தின் ஒலியைப் பதிய விரும்பும் எவரும் அந்த ஒலியைச் செய்யும் கைகளை அறிந்திருப்பது நியாயம். யாழ்ப்பாணத்தில் வார் பிடிக்கத் தெரிந்தவர்கள் சிலரே. பலரும் கருவியையும் மூட்டையும் தமிழ்நாட்டிலிருந்தே வரவழைக்கிறார்கள். அதனால் அங்கே நல்ல மூட்டைப் பதிவுக்கென்று ஒதுக்கிவைத்து, அன்றாடச் சாதகத்துக்கு வேறொரு மிருதங்கத்தைப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. வாருக்குப் பதில் நட்டு போல்ட் பூட்டிய மிருதங்கமும் இதனாலேயே உதவுகிறது; ஸ்பானர் ஒன்றிருந்தால் வீட்டிலேயே இழுத்துக்கொள்ளலாம். அதன் ஒலி வார் மிருதங்கத்தைப் போல உருண்டு வருவதில்லை என்று வித்துவான்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

அடுத்து அறை, வேறுபாடு கூர்மையாகத் தெரிவது இங்கேதான். சென்னை அடுக்குமாடி வீட்டின் படுக்கையறை பெரும்பாலும் பத்துக்குப் பத்து அடி. நாலு பக்கமும் சிமெண்டுச் சுவர், தரையில் டைல்ஸ். நீளமும் அகலமும் ஒன்றாக இருக்கும் அறையில் சுமார் 56 ஹெர்ட்ஸில் ஓர் அதிர்வு இரட்டிப்பாகத் தங்கும். அதன் மடங்கான 112இலும் அப்படியே. தொப்பியின் அடி இந்தப் பகுதிகளில் விழும்போது சில சொற்கள் வீங்கியும் சில சொற்கள் காணாமலும் போகும். வாசித்தவர் கையில் குறை என்று நினைப்பார், குறை சுவரில் இருக்கும். முட்டை அட்டைகளை ஒட்டுவதால் இது தீராது. அவையும் மெல்லிய ஃபோமும் மேல் அதிர்வுகளை மட்டுமே கொஞ்சம் உறிஞ்சும், அடியைத் தொடாது. பழைய இலவம்பஞ்சு மெத்தைகள் இரண்டைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி மூலைகளில் நிறுத்துவது அவற்றைவிட எவ்வளவோ மேல். உட்காரும் இடம் அறையின் நட்டநடுவாக இருக்கக் கூடாது. நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி உட்காரலாம்.

யாழ்ப்பாணத்துப் பழைய நாற்சார் வீடு இதற்கு நேர் எதிர். நடுவில் திறந்த முற்றம், சுற்றி விறாந்தை, மேலே ஓடு. ஒலி சுவருக்குச் சுவர் மோதித் தங்காமல் முற்றத்தின் வழியே வெளியேறிவிடும். விறாந்தையின் உள்மூலையில் பாயில் அமர்ந்து வாசித்தால் தொப்பி வீங்காமல் முழு உருவத்தோடு கேட்கும். சென்னையில் பணம் கொடுத்துச் சேர்க்கும் அமைதியான அறையைவிட இது சில வேளைகளில் மேலானது. குறை ஒன்றே: காகமும் நாயும் கோயில் ஒலிபெருக்கியும் தடையின்றி உள்ளே வரும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாள்களில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பகலில் பதிய நினைப்பது வீண். கொழும்பில் வாழும் தமிழர் நிலை மறுபடி சென்னைக்கே திரும்புகிறது. வெள்ளவத்தையில் ஒரு பக்கம் காலி வீதி, மறுபக்கம் கடலோர ரயில் பாதை. மயிலாப்பூரில் பறக்கும் ரயில். இரு இடங்களிலும் விடியற்காலை நான்கு முதல் ஆறு வரைதான் உண்மையான ஸ்டூடியோ நேரம்.

மின்விசிறியை நிறுத்தித்தான் பதியவேண்டும். வியர்வை சொட்டித் தோல் நனையாமலிருக்கத் துண்டு ஒன்று மடியில் வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை விசிறியைப் போட்டு இளைப்பாறிய பின் சுருதியை மறுபடி பார்த்துக்கொள்ளவேண்டும்.

மைக் வைப்பதில் ஊர் பேதம் இல்லை. ஒரே மைக் என்றால் வாசிப்பவருக்கு எதிரே ஒரு மீட்டர் தள்ளி, முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே, வலந்தலைப் பக்கம் கொஞ்சம் சாய்த்து வைக்கலாம். இரண்டு என்றால் வலந்தலைக்குச் சிறிய கண்டென்சர், தொப்பிக்கு டைனமிக். வலந்தலை மைக் கரணையின் நடுவை நேராக நோக்கினால் 'டக்' என்ற அடியோசை மிஞ்சும். சாய்ந்து விளிம்பை நோக்கினால் மீட்டின் நாதம் முன்னால் வரும். இரண்டு மைக்கும் தத்தம் முகத்திலிருந்து 20 செ.மீ. தள்ளியிருந்தால் அவற்றுக்கிடையே ஏறத்தாழ ஒரு மீட்டர் கிடைக்கும். அது போதும், ஒன்றின் ஒலி மற்றதில் கசிந்து குழப்பாது. பின்னர் ஒரு தடத்தின் துருவத்தை மாற்றிக் கேட்டு, எந்த நிலையில் தொப்பி தடிப்பாக ஒலிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளவேண்டும். தாழ் ஒலியை வெட்டும் பொத்தானைத் தொப்பி மைக்கில் அழுத்தவே கூடாது. பாட்டுக்காரர்களுக்காக எழுதப்பட்ட அறிவுரையை அப்படியே கேட்டுக் கும்கியைத் தொலைத்தவர்கள் ஏராளம். அளவுமானியில் உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் 24 பிட்டில் பதிந்தால் பலமான சாப்பும் உடையாது. தம்புரா ஆப்பைக் காதுக்குழாயில் மட்டும் கேட்கவேண்டும். அறையில் ஒலித்தால் அதுவும் தடத்தில் ஒட்டிக்கொள்ளும். மைக்கே வேண்டாம் என்று வாதாடிய மிருதங்க வித்துவான் பாலக்காடு மணி ஐயரின் காதை, பதிவு செய்பவர் கடன் வாங்கிக்கொள்வது நல்லது. முதலில் மைக் இல்லாமல் அறையில் நடந்து, எந்த இடத்தில் வாத்தியம் நிறைவாகக் கேட்கிறதோ அங்கேதான் மைக்கை நிறுத்தவேண்டும்.

மின்சாரத்தில் இரு நாட்டு அனுபவமும் வேறு. ஆனால் இரண்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பது ஒன்றே. ஆகவே இரைச்சல் வந்தால் அது 50இலும் 100இலும் ஒரே சுருதியில் முனகும். தமிழ்நாட்டு வீட்டில் மூன்று உருண்டை முள் பிளக். இலங்கையின் பழைய வீடுகளிலும் அதுவே. புதிய கட்டடங்களில் 13 ஆம்பியர் சதுர முள். இரண்டும் கலந்த வீட்டில் அடாப்டர் மேல் அடாப்டர் செருகுவதால் எர்த் எங்கோ அறுந்துபோய் முனகல் ஏறுகிறது. முனகலைப் போக்க எர்த் முள்ளையே வெட்டுவது உயிருக்கு ஆபத்து. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பதிவதே இரு ஊருக்கும் பொருந்தும் பத்திரமான மருந்து.

சென்னையில் மின்வெட்டென்றால் இன்வெர்ட்டர் தாங்கிக்கொள்ளும். ஆனால் விலை குறைந்த சதுர அலை இன்வெர்ட்டர் ஓடும்போது ஒலித்தடத்தில் ரீங்காரம் புகும். சைன் அலை இன்வெர்ட்டர் அப்படிச் செய்யாது. யாழ்ப்பாணம் கற்ற பாடம் கடுமையானது. போரினால் 1990இல் தொடங்கிப் பல ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரமே இல்லை. மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலியும் கேசட்டும் கேட்ட தலைமுறை இன்றும் வாத்தியம் சொல்லிக்கொடுக்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியபோது அந்த அனுபவம் கைகொடுத்தது. பேட்டரியில் ஓடும் கையடக்க ரெக்கார்டரை முதலில் வாங்குவது, கணினிக் கருவியைப் பிறகு வாங்குவது என்ற அங்குள்ள வரிசை சென்னைக்காரருக்கும் ஏற்றதே. விறாந்தைக்கும் கோயில் மண்டபத்துக்கும் அதைத் தூக்கிச் செல்லலாம். எர்த் முனகலும் இல்லை.

வாங்கும் வழிகளைப் பார்த்தால், சென்னைக்குக் கடைத்தெரு பலம். ரிச்சி தெருவில் வயரும் கனெக்டரும், அண்ணா சாலைப் பக்கம் வாத்தியக் கடைகளும் இருக்கின்றன. வீட்டுப் பதிவுக்குப் பெருமையான முன்னோடியும் அங்கேயே உண்டு: ஏ.ஆர். ரஹ்மான் 1989இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டுப் பின்புறத்தில் அமைத்த பஞ்சதன் ரெக்கார்டு இன் ஸ்டூடியோ. ஷூர் எஸ்எம்57, எஸ்எம்58 போன்ற மைக்குகளுக்குப் போலிகள் நிறைய உலவுவதால் மலிவு விலை கண்டு மயங்கக் கூடாது. இலங்கையில் 2022இல் அந்நியச் செலாவணி வறண்டு இறக்குமதி முடங்கிய நாள்களில் புதுக்கருவி கனவாயிற்று. வெளிநாட்டு உறவினரின் பெட்டிதான் கடை. லண்டனிலிருந்து வரும் பொருளின் பிளக் புதிய சதுரக் குதையில் அப்படியே பொருந்தும். டொரொண்டோவிலிருந்து வருவதில்தான் கவனம் வேண்டும். அடாப்டரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் முள்ளை மட்டும் மாற்றினால் போதும். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் ஆளியைப் போட்ட நொடியில் கருகும். யு.எஸ்.பி. வழியாகவே மின்சாரம் எடுக்கும் இன்டர்ஃபேஸுக்கு இந்தக் கவலை இல்லை. வந்த கருவியைப் பழுதுபார்க்கத் திரும்பவும் கடல் தாண்டி அனுப்பமுடியாது என்பதால், இரண்டு வாயில் கொண்ட எளிய கருவியே நான்கு வாயில் கொண்டதைவிட அங்கே புத்திசாலித்தனமான தேர்வு. மைக்கைத் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் உப்புக் காற்று அரிக்காது.

பதிந்தது எங்கே போகிறது என்பதும் வேறுபடுகிறது. சென்னையில் அது பெரும்பாலும் யூடியூபுக்கும் மார்கழிக் கச்சேரி வாய்ப்பு தேடி சபாக்களுக்கும் போகும். யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனிலும் டொரொண்டோவிலும் அரங்கேற்றத்துக்குத் தயாராகும் மாணவருக்கும், தொலைவில் பாடிய குரல் தடத்தோடு சேர்க்கவும் போகும். வாட்ஸ்அப்பில் ஒலியாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு மீட்டின் நாதம் மங்கும்; கோப்பாக அனுப்பினால் பதிந்தபடியே சேரும். இணையவழி வகுப்பில் மிருதங்கத்தை இரைச்சல் என்று எண்ணி வீடியோ செயலி அடக்கிவிடுகிறது. 'தரிகிடதோம்' என்று வாசித்தால் மறுமுனைக்கு 'தரி' மட்டும் கேட்கும். இரைச்சல் நீக்கும் அமைப்பை அணைத்து, மூல ஒலியை இயக்கினால் தோம் வரை போய்ச்சேரும். கைபேசியின் குட்டி ஸ்பீக்கரில் தொப்பி கேட்கவே கேட்காது. ஆகவே அனுப்பும் முன் ஒருமுறை காதுக்குழாயிலும் ஒருமுறை கைபேசியிலும் கேட்டு, இரண்டிலும் வலந்தலையின் சொற்கள் தெளிவாக வருகின்றனவா என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.