வசந்தத்தை வரவேற்கப் போன சைக்கிள்

ராபர்ட் ஃப்ராஸ்டின் 'தி ரோட் நாட் டேக்கன்' ஞாபகம் இருக்கிறதா? காட்டுக்குள் பாதை இரண்டாகப் பிரிகிற கவிதை. சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் மனப்பாடம் செய்தவர்கள் நிறையப் பேர். பிற்பாடு ஏ.ஸி. ஹாலில் கோட்டு போட்ட பயிற்சியாளர்கள் அதைத் தன்னம்பிக்கைப் பாட்டாக மாற்றி நம் தலையில் கட்டியதும் நடந்தது. உண்மையில் அது ஒரு நண்பரைக் கிண்டல் பண்ணி எழுதியது.

அந்த நண்பர் எட்வர்ட் தாமஸ். 1914-ல் இரண்டு பேரும் இங்கிலாந்தின் க்ளஸ்டர்ஷயர் பக்கம் காடு மேடெல்லாம் நடந்தார்கள். தாமஸ் ஒரு பாதையைத் தேர்ந்தெடுப்பார். அபூர்வமான ஒரு செடியைக் காட்டக் கூட்டிப்போவார். திரும்பி வரும்போது, 'சே, அந்தப் பக்கம் போயிருந்தால் இதைவிட நல்லதாக ஏதாவது காட்டியிருக்கலாமே' என்று அங்கலாய்ப்பார். எந்தப் பக்கம் போனாலும் இதே கதைதான். ஃப்ராஸ்டுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, எழுதிவிட்டார்.

இந்த அங்கலாய்ப்பு ஆசாமி அதற்கு முந்தின வருஷம் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு வசந்தத்தைத் தேடிப் போனார். போய்வந்து எழுதிய புத்தகம் 'இன் பர்ஸ்யூட் ஆஃப் ஸ்பிரிங்'. 1914-ல் வெளிவந்தது. காப்புரிமை எப்போதோ காலாவதியாகி, இணையத்தில் சும்மாவே கிடைக்கிறது. இயற்கையை சைக்கிளிலிருந்து பார்த்து எழுதியவற்றில் இதை ஒரு கிளாசிக் என்பார்கள். அது எவ்வளவு தூரம் சரி என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

முதலில் ஆளைப் பற்றி. தாமஸ் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். மனைவி, மூன்று குழந்தைகள். சம்பள வேலை கிடையாது. புத்தக விமர்சனமும் பதிப்பாளர் கேட்கிற புத்தகங்களும்தான் பிழைப்பு. திருப்பூர் பாஷையில் சொன்னால் பீஸ் ரேட். எவ்வளவு தைத்தாயோ அவ்வளவு காசு. இப்படி ஏறக்குறைய முப்பது உரைநடைப் புத்தகங்கள். நடுவில் கடுமையான மனச்சோர்வு வேறு, டாக்டரிடம் போய்வந்துகொண்டிருந்தார். இதையெல்லாம் தெரிந்துகொண்டு படித்தால், வசந்தத்தைத் தேடுகிறேன் என்று ஒரு மனிதர் கிளம்புவது வெறும் டூர் இல்லை என்று புரியும்.

1913 மார்ச் 21, புனித வெள்ளி. அந்த வருஷம் ஈஸ்டர் ரொம்ப சீக்கிரம் வந்துவிட்டது. லண்டனின் தென்பகுதியிலிருந்து கிளம்பி கில்ஃபோர்டு, வின்செஸ்டர், சாலிஸ்பரி, கிளாஸ்டன்பரி வழியாக மேற்கே ஸாமர்செட்டில் இருக்கிற குவான்டாக் மலை வரை. இருநூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு வாரம்.

டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தது 1888-ல். அது இல்லாவிட்டால் இந்தப் புத்தகம் இல்லை. குதிரை வண்டி, கடகடவென்று சத்தம். ரயிலில் ஜன்னல் வழியாக எல்லாமே பின்னால் ஓடும். நடந்தால் ஒரு வாரத்தில் பாதி தூரம்தான். சைக்கிள் ஒன்றுதான் சத்தம் போடாது, நினைத்த இடத்தில் நிற்கும், ஒரு நாளில் ஒரு ஜில்லாவையே தாண்டும். அத்தோடு, சைக்கிள்காரனுக்குக் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தொடை சொல்லிவிடும். காரில் போகிறவனுக்கு மேடு என்பது கண்ணுக்குத் தெரிகிற சமாசாரம், சைக்கிளில் போகிறவனுக்கு மூச்சில் தெரிகிற சமாசாரம். தாமஸின் பக்கங்களில் காற்றும் மழையும் வெயிலும் ஓயாமல் வருவதற்கு இதுதான் காரணம். வானிலை அவருக்கு வர்ணனை இல்லை. அன்றைய கூலி.

அவர் நன்றாக எழுதுகிற இடங்கள் எல்லாம் வேலி ஓரங்கள். இங்கிலாந்தில் வயலுக்கு வயல் புதர்வேலி உண்டு. பிளாக்தார்ன் என்று ஒரு முள் மரம். இலை விடுவதற்கு முன்பே கறுத்த குச்சியில் வெள்ளைவெளேரென்று பூத்து நிற்கும். அந்தப் பூ வந்த கையோடு திரும்ப ஒரு குளிர் அடித்தால், அதற்கு 'பிளாக்தார்ன் விண்டர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். காட்டுக்குள் தரையோடு தரையாகப் பூக்கிற செலண்டைன், அனிமோனி, புளூபெல் இவற்றின் சாமர்த்தியமே தனி. ஓக் மரமும் பீச் மரமும் இலை விட்டு மேலே கூரை போட்டுவிட்டால் கீழே வெயில் கிடையாது. அதனால் மேலே கூரை விழுவதற்குள் கீழே கடையைத் திறந்து, வியாபாரத்தை முடித்து, ஷட்டரை இழுத்துவிடும். நம் தீபாவளித் தரைக்கடை மாதிரி.

அப்புறம் சிஃப்சாஃப். எட்டு கிராம் எடையுள்ள ஒரு குட்டிப் பறவை. குளிர்காலத்தில் தெற்கே போய்விட்டு மார்ச்சில் இங்கிலாந்துக்கு வருகிற முதல் விருந்தாளிகளில் ஒன்று. தன் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். இதைப் பார்த்து அடையாளம் கண்டுபிடிப்பது கஷ்டம், வில்லோ வார்ப்ளர் என்கிற இன்னொரு பறவை அச்சு அசல் இதே மாதிரி இருக்கும். இவற்றை வெறும் குரலை வைத்தே பிரித்தவர், 18-ம் நூற்றாண்டில் செல்போர்ன் கிராமத்தில் பாதிரியாராக இருந்த கில்பர்ட் ஒயிட். தாமஸின் வீடு அந்த செல்போர்னிலிருந்து சில மைல் தள்ளித்தான். காதால் பார்க்கிற வித்தை அந்தப் பக்கத்து மண்ணிலேயே இருக்கிறது போலிருக்கிறது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு சைக்கிள் விடுகிறவர்கள் இந்த அத்தியாயங்களைப் படிக்க வேண்டாம், வயிற்றெரிச்சல்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. 'ஸ்பிரிங்'கை வசந்தம் என்று மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டு படித்தால் பாதி விஷயம் நழுவிவிடும். நமக்குப் பெரும்பொழுது ஆறு. இளவேனில் என்பது புங்க மரம் பளபளவென்று தளிர்த்து, வேப்பம்பூ உதிர்ந்து, பின்னாலேயே கத்திரி வெயில் வரப்போகிறது என்கிற பயத்தோடு சேர்ந்தது. அங்கே ஐந்து மாசம் மொட்டை மரம், சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டு. அதிலிருந்து விடுதலை வருகிறதா இல்லையா என்று ஏங்குகிற ஏக்கம். நம் ஊரில் இதற்குச் சமமாக எதையாவது சொல்வதென்றால் மழைக்குக் காத்திருப்பதைச் சொல்லலாம். முதல் அத்தியாயத்தில், லண்டனில் உட்கார்ந்து மேப்பைப் பார்த்துக்கொண்டு, ஒரு நாள் வெயில் அடித்தால் வந்துவிட்டது என்று குதித்து, மறுநாள் ஏமாறுகிறார் பாருங்கள், அதை ஐப்பசியில் மேகத்தைப் பார்க்கிற தஞ்சாவூர் மிராசுதார் மாதிரி படித்தால் சரியாக இருக்கும்.

சரி, குறைகள். நிறைய இருக்கின்றன.

பதிப்பாளருக்குப் பக்கம் நிரப்ப வேண்டுமே! ஊர் வந்தால் அந்த ஊர்க் கவிஞர், கவிஞர் வந்தால் அவர் வாழ்க்கை என்று கிளம்பிவிடுகிறார். சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நிற்கிறது, சவாரி செய்கிறவர் லைப்ரரிக்குள் போய்விட்டார். கல்லறைக் கல்லில் இருக்கிற பெயர்களைக்கூட விடுவதில்லை. களிமண் புகைக்குழாயைப் பற்றி நீளமாக ஒரு பேச்சு வரும், அதில் பாதியைக் குறைத்திருந்தால் புகைப்பவர்களும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம் 'இன்னொரு மனிதர்' விவகாரம். வழியில் அடிக்கடி ஒருவர் எதிர்ப்படுவார். அவரும் சைக்கிள். முதல் நாள் மழைக்கு ஒதுங்கின பறவைக் கடையில் ஒரு சாஃபின்ச்சை விலைக்கு வாங்கி, கொஞ்ச தூரம் போய்ப் பறக்கவிட்டுவிடுவார். அவருக்குப் பெயர் கிடையாது. இரண்டு மூன்று சந்திப்பிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது, இது தாமஸேதான். தன் புலம்பலையெல்லாம் அவர் வாயில் போட்டுவிடுகிறார். உத்தி என்று பார்த்தால் இது சில இடங்களில் எரிச்சல்தான். ஆனால் அந்த இன்னொருவர் சொல்கிற ஒன்று மட்டும் விடாமல் உறுத்துகிறது. குறிப்பெடுக்கும் நோட்டுப் புத்தகம் கையில் இருப்பதாலேயே பார்ப்பது கெட்டுப்போகிறது என்கிறார். மயில் தோகை விரித்த உடனே செல்போனை எடுத்து, மயிலை ஸ்கிரீனில் மட்டுமே பார்த்துவிட்டு வருகிற நம் ஆட்களை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கணக்கெடுத்த மாதிரி இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் தாமஸும் அந்தப் பயணத்தில் காமிராவோடுதான் போனார்.

எனக்கு இதைவிடப் பெரிய புகார் ஒன்று உண்டு. பி.காம். முதல் வருஷத்தில் சொல்லிக்கொடுப்பார்கள், குறிப்பேடு என்று ஒன்று, பேரேடு என்று ஒன்று. அன்றாடம் நடப்பதைத் தேதி வாரியாக எழுதிக்கொண்டே போவது குறிப்பேடு. அதைப் பிரித்து, ராமசாமி கணக்கில் இவ்வளவு, சரக்குக் கணக்கில் இவ்வளவு என்று அந்தந்தத் தலைப்பில் ஏற்றுவது பேரேடு. பேரேட்டைப் பார்த்தால்தான் கம்பெனி எங்கே போகிறது என்று தெரியும். தாமஸ் எழுதியது அற்புதமான குறிப்பேடு. ஒரு பதிவைக்கூடப் பேரேட்டுக்குக் கொண்டுபோகவில்லை. ஒரே சாலை, ஒரே தடவை, ஒரே பருவத்தின் வாசற்படி. அதே வேலி ஓரம் ஜூனில் எப்படி இருந்தது, அக்டோபரில் இலை கொட்டும்போது அந்தச் சரிவில் சைக்கிள் வழுக்கியதா, அடுத்த மார்ச்சில் அந்த சிஃப்சாஃப் எத்தனாம் தேதி வந்தது? இந்தப் புத்தகத்தில் பதில் கிடையாது.

பேரேடு போட்டவர்களும் அதே நாட்டில் இருந்தார்கள். நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் என்கிற நிலக்கிழார் 1736-ல் ஆரம்பித்தார். முதல் பனித்துளிப் பூ என்றைக்கு, ஓக் இலை என்றைக்கு, தகைவிலான் என்றைக்கு வந்தது, தேரை என்றைக்குக் கத்தியது என்று வருஷா வருஷம் எழுதிவைத்தார். அவருக்குப் பிறகு பிள்ளை, பேரன் என்று 1958 வரை அந்தக் குடும்பம் எழுதியது. அதில் ஒரு வரிகூட இலக்கியம் இல்லை. ஆனால் 1753-லிருந்து தொடங்குகிற இது மாதிரியான பிரிட்டிஷ் பதிவுகளையெல்லாம் சேர்த்து, 2022-ல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் 406 வகைச் செடிகளை வைத்துக் கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது: 1986-க்கு முந்தின சராசரியைவிட, 1987-க்குப் பிறகு முதல் பூ 26 நாள் முன்னதாகவே வந்துவிடுகிறது. கிட்டத்தட்ட ஒரு மாசம். சீக்கிரம் பூத்தால் நல்லதுதானே என்று தோன்றும். சீக்கிரம் பூத்த பிறகு ஒரு நாள் உறைபனி விழுந்தால் ஆப்பிள் தோட்டக்காரருக்கு அந்த வருஷம் வருமானம் போச்சு. பூ வந்த நேரத்தில் பூச்சி வராவிட்டால், பூச்சியை நம்பிக் குஞ்சு பொரித்த பறவைக்கு அரிசி போச்சு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதைப் படித்த பிறகு தாமஸின் தலைப்பே தப்போ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கோவென்ட்ரி பல்கலைக்கழகப் பேராசிரியர் டிம் ஸ்பார்க்ஸ், வசந்தம் பிரிட்டனுக்குள் என்ன வேகத்தில் நகர்கிறது என்று கணக்கிட்டு 2015-ல் சொன்னார். பொதுவாகத் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக, மணிக்கு ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். 1891-லிருந்து 1947 வரையிலான பதிவுகளில் இரண்டு கிலோமீட்டர்தான். அதாவது தாமஸ் காலத்தில் வசந்தம், பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போகிற தாத்தா மாதிரி நடந்து வந்துகொண்டிருந்தது. 'பர்ஸ்யூட்' என்றால் துரத்தல். இவர் எங்கே துரத்தினார்? லண்டனிலிருந்து மேற்கே போனவர், அது வருகிற திசையைப் பார்த்துப் போயிருக்கிறார். மாப்பிள்ளை அழைப்புக்கு ஊர் எல்லைக்குப் போவோமே, அந்த மாதிரி.

கடைசி அத்தியாயத்தின் பெயர் 'குளிர்காலத்தின் கல்லறை'. குவான்டாக்கில் சாலையோரம் கொஞ்சம் புளூபெல்லும் கௌஸ்லிப்பும் கிடக்கின்றன. யாரோ பறித்துப் போட்டுவிட்டுப் போனவை, வாட ஆரம்பித்துவிட்டன. புளூபெல் வழக்கமாகப் பொங்கிப் பூப்பது ஏப்ரல் கடைசியிலும் மே மாசத்திலும். மார்ச் கடைசி வாரத்தில் அது கிடைத்ததால் மனிதர் வசந்தத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகவே முடிவு கட்டுகிறார். எனக்குப் பிடித்த விஷயம், அதை அவருக்கு முன்னால் இன்னொருவர் கண்டுபிடித்து, பறித்து, சலித்துத் தூக்கியும் போட்டுவிட்டார் என்பது. இவ்வளவு ஏங்கிப் போனவருக்குக் கிடைத்தது செகண்ட் ஹேண்ட் வசந்தம். அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த ஒரு பக்கத்துக்காக அந்தப் புகைக்குழாயை மன்னித்துவிடலாம்.

ஃப்ராஸ்ட் இந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான், 'நீர் எழுதுவது கவிதை ஐயா, வரியை மட்டும் உடைத்துப் போடும்' என்கிற அர்த்தத்தில் சொன்னார். நல்ல விமர்சனம் என்றால் அது. 1914 டிசம்பரில் தாமஸ் கவிதை எழுத ஆரம்பித்தார், 36 வயதில். இரண்டு வருஷத்துக்குள் 140-க்கு மேல் எழுதினார், எட்வர்ட் ஈஸ்ட்வே என்கிற புனைபெயரில். நடுவில் 1915-ல் ராணுவத்தில் சேர்ந்தார். குடும்பஸ்தர், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. 1917 ஏப்ரல் 9, பிரான்ஸில் ஆராஸ் சண்டையின் முதல் நாளே போய்விட்டார். அன்று ஈஸ்டர் திங்கள். பனி விழுந்துகொண்டிருந்தது.

அந்த சைக்கிள் பயணத்தில் அவர் எடுத்த புகைப்படங்களோடு 2016-ல் லிட்டில் டோலர் என்கிற பதிப்பகம் ஒரு பதிப்பு போட்டது. காசு கொடுத்து வாங்குவதானால் அதை வாங்குங்கள். இலவசப் பிரதி போதும் என்றால் முதல் அத்தியாயம், கடைசி அத்தியாயம், நடுவில் மழை பெய்கிற இடங்கள். கவிஞர்கள் வரலாறு வந்தால் நான்கு பக்கம் தள்ளிவிடலாம், சைக்கிள் அங்கேதான் நிற்கும்.